வயிற்றுக் காயமும் துளைவழி நோக்கும்

பவானிபூரில் ஆசார்ய ஜகதீச சந்திர போஸ் சாலையில் நிற்கும் பெரிய அரசாங்க மருத்துவமனையைக் கொல்கத்தாவாசிகள் இன்றும் 'பி.ஜி.' என்றே அழைப்பர். பிரசிடென்சி ஜெனரல் என்ற பழைய பெயரின் எச்சம் அது. 1954-இல் சேட் சுக்லால் கர்னானி நினைவு மருத்துவமனை எனப் பெயர் மாறிற்று. 1898-இல் ரொனால்டு ராஸ் மலேரியாவைப் பற்றி ஆராய்ந்ததும் இவ்வளாகத்திலேதான். லேக் மார்க்கெட்டை அடுத்து வாழும் நம்மவர் பலரும் அறிந்த இடம்.

சாலை விபத்திலோ, சாரத்திலிருந்து விழுந்தோ அடிபட்டு இத்தகைய மருத்துவமனைக்கு வருவோருள், வெளியே கீறல்கூட இன்றி வயிற்றுக்குள் காயமுற்றவரே மருத்துவரை மிகவும் கவலையுறச் செய்பவர். கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்தால் உள்ளே குருதி பெருகும். குடல் கிழிந்தால் அதிலுள்ள கழிவு கசிந்து சீழ் பிடிக்கும். முன்னது விரைந்து கொல்லும். பின்னது ஓரிரு நாள் மறைந்திருந்து கொல்லும். ஆதலின் ஐயம் எழுந்தபோதெல்லாம் வயிற்றை நீளக் கீறிப் பார்ப்பதே முன்பு வழக்கமாயிருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு காயமும் இராததும் உண்டு. வீண் கீறலால் பின்னாளில் குடலிறக்கமும் குடல் ஒட்டுதலும் நேர்ந்தன.

இதற்கொரு மாற்று, லாபராஸ்கோப் எனும் வயிற்றுநோக்குக் கருவி. 1901-இல் ஜெர்மானியரான கெல்லிங் நாயின் வயிற்றிலும், 1910-இல் ஸ்வீடன் நாட்டு யாக்கோபேயுஸ் மனிதர் வயிற்றிலும் குழாய்வழி நோக்கினர். நம் நாட்டில் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையின் தெஹம்டன் உத்வாடியா 1970-களிலேயே நோயறிய இதனைக் கையாண்டார். 1990-இல் இதன் துணையால் பித்தப்பையையும் அகற்றினார்.

நோயாளிக்கு மயக்கம் கொடுத்து, தொப்புளருகே ஒரு சென்டிமீட்டர் அளவு துளையிட்டுக் கரியமில வாயுவைச் செலுத்துவர். வயிறு கூடாரம்போல் எழும்ப, உட்புறம் திரையில் தெரியும். கத்திக்குத்து வயிற்றின் உட்படலத்தைத் துளைத்ததா என்பதை நேரில் காணலாம். இடப்பக்க விலா எலும்புகளின் அடிப்பகுதியில் குத்துப்பட்டவருக்கு இது பெரிதும் உதவும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் சிறு கிழிசல் ஸ்கேனுக்கும் தப்பிவிடுவதுண்டு.

ஆயினும் இது எல்லோர்க்கும் ஏற்றதன்று. இரத்த அழுத்தம் நிலையாக உள்ளவருக்கே ஏற்றது. குருதி இழந்து அழுத்தம் சரிந்தவருக்கு வாயுவைச் செலுத்தினால், இதயத்துக்குத் திரும்பும் குருதி மேலும் குறையும். அவருக்கு உடனே வயிற்றைத் திறப்பதே உயிர்காக்கும் வழி. உதரவிதானம் கிழிந்திருப்பின் வாயு நெஞ்சுக்குள் ஏறி நுரையீரலை நெருக்கும். தலையிலும் பலத்த அடிபட்டவருக்கு மூளையின் அழுத்தம் கூடும். குடல் முழுவதையும் அங்குலம் அங்குலமாகப் புரட்டிப் பார்க்கும் தேர்ச்சி இல்லாவிடில் சிறு துளைகள் கண்ணுக்குத் தப்பும். கணையம் போன்று பின்புறம் மறைந்த உறுப்புகளைக் காண்பதும் எளிதன்று.

விளம்பரங்களைக் கண்டு, சிறு துளையே எப்போதும் மேல் என்னும் எண்ணம் நம்மவரிடையே பரவியுள்ளது. சம்மதப் பத்திரத்தில், தேவையெனில் வயிற்றைத் திறக்க நேரும் என்ற வரியைக் கண்டதும் உறவினர் தயங்குகின்றனர். துளைவழி பார்க்கத் தொடங்கிப் பின் திறக்க நேர்வது மருத்துவரின் தோல்வியன்று. குருதி கசியும் இடம் கண்டபின் கீறலைச் சிறிதாக்க முயல்வதே பிழையாகும்.

வயிற்றில் அடிபட்டவருக்குச் சோடாவோ தண்ணீரோ கொடுத்தல் ஆகாது. மயக்க மருந்து கொடுக்கும்போது அது இடையூறாகும். வயிற்றில் அடிபட்டவர் இடத்தோளில் வலி என்றால் அலட்சியம் செய்யற்க. மண்ணீரலிலிருந்து கசிந்த குருதி உதரவிதானத்தை உறுத்தும்போது அவ்வலி தோளிலே தோன்றுவதுண்டு. வங்கமொழி அறியாத புதியவர், 'பேட்டே பேத்தா' என்று வயிற்றைக் காட்டுவதோடு நில்லாமல், தோளையும் தொட்டுக் காட்டுதல் வேண்டும்.