எந்த வயதினருக்கு எந்த முறை?

"இந்த வயதுக்குமேல் மலாய் எங்கே ஐயா ஏறப்போகிறது?" தமிழகத்திலிருந்து ஆலயப் பணிக்கு வரும் குருக்களும் தவில், நாதசுரக் கலைஞர்களும், மணமாகி இங்கு வந்த பெண்களும் என்னிடம் கேட்பது இது. நம் ஆலய வகுப்பில் அவர்களுக்கு மலாய் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் சில விளக்கங்களைத் தர விரும்புகிறேன்.

குழந்தைகளே மொழியை விரைவில் பிடித்துக்கொள்வர் என்பது பாதி உண்மைதான். நெதர்லாந்தில் டச்சு மொழி கற்ற ஆங்கிலம் பேசுவோரைப் பற்றி ஸ்னோ, ஹூஃப்நாகல்-ஹோலே என்னும் இருவர் 1978ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தொடக்க மாதங்களில் முந்தியவர்கள் 12 முதல் 15 வயதினரும் பெரியவர்களுமே. 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் கடைசியில் நின்றனர். குழந்தைகளுக்கு வாய்ப்பது வேகமன்று, காலம். ஆண்டுகள் செல்லச் செல்ல உச்சரிப்பில் அவர்களே மிஞ்சுவர்.

ஆகவே குழந்தைகளுக்கு இலக்கணம் வேண்டாம். "டுடுக்" என்று சொல்லி உட்கார வையுங்கள், "பங்குன்" என்று எழ வையுங்கள். செய்துகாட்டினால் போதும், உடனே பேச வற்புறுத்த வேண்டியதில்லை. கட்டளைக்கேற்ப உடலை அசைத்துக் கற்கும் இம்முறையை 1960களில் வகுத்தவர் ஜேம்ஸ் ஆஷர் என்னும் அமெரிக்கர்.

பெரியவர்களுக்கோ விதியே துணை. மலாயில் வினைக்கு முன் "மெ" சேரும்போது "பூக்குல்" என்பது "மெமூக்குல்" ஆகும், "துலிஸ்" என்பது "மெனுலிஸ்" ஆகும், "ஸாப்பு" என்பது "மெஞாப்பு" ஆகும். ஸகரத்தைச் சகரமாகக் கொண்டு பாருங்கள்: க, ச, த, ப போய் ங, ஞ, ந, ம வருகின்றன. நம் வல்லினமும் அதன் இன மெல்லினமும் அல்லவா இவை! தமிழிலக்கணம் சிறிது படித்தவர் ஒரே அமர்வில் இதைப் பிடித்துக்கொள்வார். ஐந்து வயதுப் பிள்ளையோ கொட்டாவி விடும். "கித்தா", "காமி" என்பனவும் அப்படியே. நாம், நாங்கள் என்றால் முடிந்தது. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்தான் அங்கே திணறுவார்.

இளைஞர்களுக்கு விதியும் வேண்டும், விளையாட்டும் வேண்டும்.

அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பாடம் சிறியதாக இருக்கட்டும். இன்று படித்ததை நாளை ஒருமுறை, நான்கு நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை கேளுங்கள். முதல் பாடம் எண்களும், கிளினிக்கில் சொல்ல வேண்டிய "சாக்கிட் கெபாலா", "சாக்கிட் பெருட்" போன்றவையும்தான். தலைவலியையும் வயிற்று வலியையும் தாமே சொல்லத் தெரிந்துவிட்டால் மற்றவர் துணையை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

பேரப்பிள்ளைகள் எதிரில் தவறாகப் பேச அவர்கள் கூச்சப்படுகிறார்கள். அதனால்தான் இரண்டாவது அறை ஒன்று வேண்டும் என்று நிர்வாகக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன்.