ஏறுற ஜீப் இறங்கவும் வேணும்

தோட்டத்துக்கு வருகிற நண்பர்கள் மிளகுக்கொடியைப் பார்க்கிறார்களோ இல்லையோ, கொட்டகையில் நிற்கிற ஜீப்பை ஒரு சுற்று சுற்றி வந்துவிடுகிறார்கள். "என்ன மாடல்ண்ணே? எவ்வளவுக்கு வாங்குனீங்க?" என்று ஆரம்பிப்பார்கள். அடுத்து, "நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். பெரிய டயர் போட்டு உசத்திட்டா மலைக்கு நல்லா இருக்கும்ல?" என்று கேட்பார்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் தோட்டம் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம். நாலரை ஏக்கர். காப்பி, மிளகு, மலைவாழை, ஊடே கொஞ்சம் ஆரஞ்சு. தார் ரோட்டிலிருந்து மூணு கிலோமீட்டர் மண்பாதையில் ஏறி வரணும், நடுவில் ஓர் ஓடை. முன்பெல்லாம் வாழைத்தாரைக் குதிரையில்தான் இறக்குவோம். ஜீப் போகாத காடுகளுக்கு இப்பவும் குதிரைதான். குதிரைக்காரர் கிடைக்காத வாரம் தார் மரத்திலேயே பழுத்து வௌவாலுக்குப் போகும். அதைப் பொறுக்க முடியாமல்தான் 2013-ல் 1994 மாடல் மகேந்திரா எம்.எம்.540 ஒன்றை வாங்கினேன்.

இந்த இன வண்டிகளுக்கு மூதாதை, இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவத்துக்காக 1941-ல் வந்த வில்லிஸ் ஜீப். சேஸிஸ், லீஃப் பட்டை, இரண்டு பக்கமும் கட்டையான ஆக்ஸில் என்று அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. என் வண்டியில் இருப்பது பியூஜோ வழி வந்த 2,112 சிசி டீசல் எஞ்சின். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் பாதிக் கோளாறை நாமே கண்டுபிடிக்கலாம். நமக்கு இது தோது.

முதலில் ஃபோர் வீல் டிரைவ் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். கியர் லிவர் பக்கத்தில் இரண்டு குட்டை லிவர் இருக்கும். ஒன்று முன் ஆக்ஸிலுக்கும் இழுவையைச் சேர்க்கும். மற்றது 'லோ' போடுவதற்கு. லோவில் வேகம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறையும், இழுவை அந்த அளவுக்குக் கூடும். திரும்பும்போது முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடும். இந்த வண்டிகளில் அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை. சேற்றிலும் சரளையிலும் டயர் லேசாக வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை, உள்ளே முறுக்கேறி லிவர் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் சுத்தியலால் தட்டாதீர்கள். நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு விட்டு லிவர் தானாக வரும்.

இன்னொன்று. முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் அந்தரத்தில் நின்றால், பேருக்குத்தான் ஃபோர் வீல் டிரைவ். அந்த ரெண்டும் சும்மா சுத்தும், தரையில் இருக்கிற ரெண்டும் நிற்கும். ஆக்ஸிலேட்டரை மிதிப்பதால் புண்ணியமில்லை. இறங்கிக் கல் வைக்கிறதுதான் வழி.

வாங்கும்போது பெயிண்டைப் பார்க்காதீர்கள். வண்டிக்கு அடியில் படுத்து, பட்டை மாட்டுகிற இடங்களில் சேஸிஸ் வெடித்திருக்கிறதா, வெல்டிங் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகணும். முன் ஆக்ஸில் சும்மா பேருக்குத் தொங்குகிற ஜீப்புகளும் விற்பனைக்கு வரும். மண் தரையில் ஃபோர் வீல் போட்டு ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து ஓட்டிப் பாருங்கள், வண்டி முரண்டுபிடித்தால் இணைப்பு வேலை செய்கிறது. கடைசியாக ஓர் இறக்கத்தில் இரண்டாம் கியரில் ஆக்ஸிலேட்டரை விட்டு இறக்குங்கள். கியர் தானாக நியூட்ரலுக்குத் தெறித்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கியர்பாக்ஸ் செலவைச் சேர்த்துப் பேசுங்கள். மலையில் அந்த ஒரு குறை போதும், உயிருக்கு ஆபத்து.

இனி பெரிய டயர் கதைக்கு வருகிறேன். என் வண்டிக்கு உரிய டயர் 6.00-16, உயரம் சுமார் 29 அங்குலம். 2016-ல் ஆசைப்பட்டு 7.50-16 போட்டேன், அது சுமார் 32 அங்குலம். பார்க்க ஜோராக இருந்தது. பாறை இடிக்கவில்லை. ஆனால் டயர் பத்து சதவீதம் பெரிதானால், அதே இடத்தில் வண்டியை நிறுத்த பிரேக்கும் அதே அளவு கூடுதலாகப் பிடிக்கணும். பிரேக் என்னவோ பழைய டிரம் பிரேக்தான். இது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஏறும்போது வண்டி மந்தமானதை மட்டும் கவனித்தேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை. 22 தார் வாழை ஏற்றி, மனைவி முன்னால் உட்கார, தோட்டத்திலிருந்து இறங்கினேன். ஓடைக்கு முந்தின சரிவு. லோ போடச் சோம்பல், சாதாரண இரண்டாம் கியரில் வந்தேன். பிரேக்கை மிதித்தால் பெடல் கல் மாதிரி நிற்கிறது, வண்டி நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், பாதிதான் பிடித்தது. வலது பக்கம் பள்ளம். இடது பக்கம் மண்மேட்டில் கொண்டுபோய் முட்டி நிறுத்தினேன். மட்கார்டு நசுங்கியது போகட்டும், மனைவிக்கு மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த வருஷம் காப்பிப் பழம் எடுக்க அவள் கை இல்லை.

டிரம்மைக் கழற்றினால் பின் சக்கரம் இரண்டிலும் பிரேக் ஷூ கியர் ஆயிலில் ஊறிக் கிடந்தது. அந்த ஆயில் வந்த வழிதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆக்ஸில் கூட்டின் மேல் பிரீதர் என்று ஒரு சின்னத் துவாரம் இருக்கும். ஓடும்போது உள்ளே ஆயில் சூடாகிக் காற்று விரியும், அது வெளியே போகிற வழி அது. என் வண்டியில் அது சேறு பூசி அடைத்துப்போயிருந்தது. போக வழியில்லாத காற்று, ஆயிலை ஆக்ஸில் சீல் வழியாக டிரம்முக்குள் தள்ளிவிட்டது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சூடான ஆக்ஸிலோடு ஓடையில் இறங்கினால் உள்காற்று சட்டென்று சுருங்கி, தண்ணீரை உள்ளே இழுக்கும். வடிகால் போல்ட்டைக் கழற்றும்போது ஆயில் பால் டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே மாற்றுங்கள்.

பிரேக் பெடலே பாதிக் கோளாறைச் சொல்லிவிடும். கல் மாதிரி நின்று வண்டி நிற்காவிட்டால் ஷூவில் எண்ணெயோ தண்ணீரோ பட்டிருக்கும், அல்லது தொடர்ந்து மிதித்துச் சூடேறியிருக்கும். பெடல் மெத்தென்று உள்ளே போனால் லைனில் காற்று அல்லது கசிவு. ஒரு பக்கம் இழுத்தால் ஒரு வீல் சிலிண்டர் சிக்கியிருக்கலாம், அல்லது ஒரு பக்க ஷூ மட்டும் நனைந்திருக்கலாம். ஓடையைத் தாண்டினதும் பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைக்காமல் இறக்கத்தில் இறங்காதீர்கள்.

அதற்குப் பிறகு 6.00-16 டயருக்கே திரும்பிவிட்டேன். வெட்டு ஆழமான டயராகப் பார்த்துப் போட்டேன். ஒல்லி டயர் சேற்றைக் கிழித்து அடித்தரையைப் பிடிக்கும், எங்கள் பாதைக்கு அதுவே போதும். இறக்கம் தொடங்கும் முன்னேயே வண்டியை நிறுத்தி, ஃபோர் வீல் லோ, இரண்டாம் கியர், ரொம்பச் செங்குத்து என்றால் முதல் கியர். கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடணும். நாலு சக்கரத்தையும் எஞ்சினே பிடித்து நிறுத்திக் கூட்டிவரும், பிரேக் துணைக்குத்தான். ஏறும்போது பாதியில் எஞ்சின் நின்றுவிட்டால் பதற்றத்தில் கிளட்சை அமுக்கி உருண்டு வராதீர்கள், குறுக்கே திருப்பவும் பார்க்காதீர்கள், வண்டி கவிழும். பிரேக்கைப் பிடித்தபடி லோ ரிவர்ஸ் போட்டு, கிளட்சை விட்டு, கியரிலேயே சாவியைத் திருப்பினால், எஞ்சின் பிடிப்பில் நேராகப் பின்னால் இறங்கலாம். இதை ஒரு சின்ன மேட்டில் பழகிவைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ மாற்றமே கூடாதா என்றால், நான் செய்தவை உண்டு. கண்ணுக்குத் தெரியாத மாற்றங்கள். பிரீதர் துவாரங்களில் டியூப் மாட்டி, அதன் நுனியை எஞ்சின் அறையில் உயரத்தில் கட்டிவிட்டேன், சில நூறு ரூபாய்தான் ஆனது. டீசல் லைனில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று சேர்த்தேன். முன்னும் பின்னும் சேஸிஸிலேயே போல்ட் போட்ட இழுவைக் கொக்கி. முன் சக்கரத்துக்குக் கையால் திருப்புகிற ஹப் லாக். தார் ரோட்டில் அதைத் திறந்துவிட்டால் முன் ஷாஃப்ட் வீணாகச் சுற்றாது. ஆனால் மறக்காமல் பூட்டணும். ஒருமுறை அரைமணி நேரம் சேற்றில் உறுமிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து, "தம்பி, முன் சக்கரம் சுத்தவே இல்லையேப்பா" என்ற பிறகுதான் ஹப் ஞாபகம் வந்தது.

சட்டத்தையும் சொல்லிவிடணும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எஞ்சின் மாற்றுவதென்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலக அனுமதி வேணும். முன்னால் மாட்டுகிற இரும்புக்குழாய் பம்பருக்கு 2017 டிசம்பரிலிருந்தே தடை. சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம், பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கணும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். எனக்கு அடுத்த முறை 2029-ல். அதற்குள் இன்னும் ஏறாமல் இருக்கணும்.

கோளாறு பார்ப்பதில் என்னை அதிகம் அலைய வைத்தது ஒரு ரப்பர் குழாய். ஏற்றத்தில் பாதி வழியில் எஞ்சின் திணறும், நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகும். அடிவாரத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினேன். பம்பையே கழற்றி வேலை பார்க்கணும், 18,000 ஆகும் என்றார்கள். பணம் இல்லாததால் திரும்பி வந்தேன், அதுவும் நல்லதற்குத்தான். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் டீசலை உறிஞ்சித்தான் இழுக்கிறது. அந்தப் பகுதியில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால் அடியில் எவ்வளவு தேடினாலும் ஈரம் தெரியாது. ஃபில்டரின் மேல் இருக்கும் காற்று எடுக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துப் பார்த்தேன். நுரை நுரையாக வந்தது, அடித்துக்கொண்டே இருந்தும் நிற்கவில்லை. டேங்க் பக்கத்தில் குழாய் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு முழம் குழாய், இரண்டு கிளிப், 120 ரூபாய். அதிலிருந்து அந்தக் குழாயை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன்.

புகையையும் படிக்கப் பழகுங்கள். கறுப்பு என்றால் காற்று போதவில்லை, முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. காலையில் கொஞ்சம் வெள்ளைப் புகை சகஜம். சூடான பிறகும் வெள்ளையாகவே வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட் சந்தேகம். மார்கழிக் குளிரில் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் செல்ஃபை அடித்துப் பேட்டரியைக் கொல்லாதீர்கள், இந்த எஞ்சினில் ஹீட்டர் பிளக் போயிருக்கும். எஞ்சின் சூடானால் ரேடியேட்டர் வலையில் புல்விதை அடைத்திருக்கிறதா பாருங்கள். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்தால் வந்துவிடும்.

நாம் இயற்கை விவசாயம் செய்கிறவர்கள், அதனால் இதையும் சொல்லணும். பழைய ஜீப் எங்காவது ஒழுகத்தான் செய்யும். நிறுத்துகிற இடத்தில் ஒரு தகரத்தட்டில் மரத்தூள் போட்டுவையுங்கள். ஓடையில் விட்டு வண்டி கழுவுகிற பழக்கம் வேண்டாம், கீழே நாலு வீடு அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. கழிவு ஆயிலைக் கரையானுக்கென்று வேலிக்காலில் பூசுகிறோம், அதில் கன உலோகம் இருக்கிறது, மழையில் மண்ணுக்குத்தான் போகும். கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்துவிடுகிறேன். வண்டியை வாழைக்குள் ஓட்டவே மாட்டேன். ஈர மண்ணில் ஒருமுறை ஏறினால் மண்புழு பொலபொலப்பாக்கி வைத்த தரை தட்டையாகிவிடும். வரப்போரம் ஒரே தடம், தாரைத் தலைச்சுமையாக அங்கே கொண்டுவருவோம்.

பாதையும் அப்படித்தான். மூணு கிலோமீட்டரில் 14 இடத்தில் சாய்வாகக் கல் பதித்து, மழைத்தண்ணீர் குறுக்கே வெளியேற வழி வைத்தோம். அதற்கு முன் தண்ணீர் சக்கரத் தடத்திலேயே ஓடிப் பாதையை வாய்க்காலாக்கிவிடும். இப்போது வருஷத்தில் பெரும்பாலான நாள் ஃபோர் வீல் இல்லாமலேயே ஏறுகிறேன். டயருக்குப் போட்ட காசில் பாதிகூட இதற்கு ஆகவில்லை.

"டீசலுக்குப் பதில் புங்க எண்ணெய் ஊத்தலாமா?" என்றும் கேட்கிறார்கள். அப்படியே ஊற்றக்கூடாது. டீசலைவிட அது பல மடங்கு கெட்டி. ஃபில்டர் அடைக்கும், இன்ஜெக்டர் முனையில் கரி கட்டும். மெத்தனாலும் காரமும் சேர்த்துப் பயோடீசலாக மாற்றினால் ஓடும். ஆனால் மெத்தனால் விஷம், தீப்பிடிக்கும், வீட்டு அடுப்படியில் செய்கிற வேலை இல்லை. எங்கள் புங்க எண்ணெய் பூச்சிவிரட்டிக்குத்தான் போகிறது.