பேட்ச் கோப்பு எங்கே நிற்கிறது?

எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் டி டிரைவில் 'ஓல்டு' என்றொரு கோப்புறை உண்டு. வேண்டாத கோப்புகளை எல்லாம் அதில் தள்ளிவிடுவோம். ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து அதைக் காலி செய்வது சலிப்பான வேலை. அதனால் நோட்பேடில் இரண்டே வரிகளில் ஒரு பேட்ச் கோப்பு எழுதினேன். (கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் தருகிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்துகளையே இட வேண்டும்.)

சிடி டி:\ஓல்டு
டெல் /கியூ *.*

முதல் வரி, அந்தக் கோப்புறைக்குப் போ என்கிறது. இரண்டாவது, அங்குள்ள கோப்புகளை எல்லாம் கேள்வி கேட்காமல் அழி என்கிறது. என் கணினியில் பேட்ச் கோப்பை டி டிரைவில் வைத்துச் சோதித்தேன், சரியாக வேலை செய்தது. பிறகு ஆய்வகக் கணினிகளின் டெஸ்க்டாப்பில் போட்டு ஓட்டினேன். கறுப்புத் திரை மின்னி மறைந்தது. மூன்று கணினிகள் முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. நல்லவேளை!

மறுநாள் 9ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், நாங்க டைப் பண்ணி வச்ச ஊர்ப்பெயர்க் கட்டுரையைக் காணோம்" என்றாள். அந்த மூன்று கணினிகளிலும் டெஸ்க்டாப்பில் பிள்ளைகள் சேமித்த கோப்புகள் ஒன்றுகூட இல்லை. டெல் கட்டளை அழித்தது குப்பைத்தொட்டிக்கும் போகாது. விந்தை என்னவென்றால், என் பேட்ச் கோப்பும் காணாமல் போயிருந்தது. 'ஓல்டு' கோப்புறையோ நிரம்பியபடியே இருந்தது.

பேட்ச் கோப்பு தன்னையே அழித்துக்கொண்டது என்றால், அழிப்பு நடந்த இடம் டெஸ்க்டாப்தான். அப்படியானால் முதல் வரி என்ன செய்தது?

இதற்கு டாஸ் காலத்துக்குப் போக வேண்டும். 1983இல் வந்த டாஸ் 2.0 பதிப்பில்தான் கோப்புறைக்குள் கோப்புறை என்ற அமைப்பு வந்தது. அப்போது முதல் ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனியாக ஒரு நடப்புக் கோப்புறை உண்டு. சி டிரைவில் நின்றுகொண்டு 'சிடி டி:\ஓல்டு' என்றால், "டி டிரைவுக்கு எப்போதாவது வந்தால் ஓல்டில் நிற்பேன்" என்று கணினி குறித்துக்கொள்கிறது. சி-யை விட்டு நகர்வதில்லை. பிழைச்செய்தியும் வராது, ஏனென்றால் அதன் கணக்கில் கட்டளை நிறைவேறிவிட்டது. பேட்ச் கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால் அது இருக்கும் கோப்புறையே நடப்புக் கோப்புறை. என் கணினியில் அது டி டிரைவிலேயே இருந்ததால் பிழை வெளியே தெரியவில்லை.

டிரைவையும் சேர்த்து மாற்ற 'சிடி /டி' என்று எழுத வேண்டும். அதுவும் போதாது. கோப்புறை இல்லாவிட்டால் சிடி தோற்கும், ஆனால் அடுத்த வரி நிற்காமல் ஓடும். இரண்டையும் && குறியால் ஒரே வரியில் இணைத்தால் முதலாவது வென்றால்தான் இரண்டாவது நடக்கும். என் கருத்தில், அழிக்கும் கட்டளைக்கு நடப்புக் கோப்புறையை நம்பவே கூடாது. முழுப் பாதையையும் அதிலேயே எழுதிவிடுவது நல்லது:

டெல் /கியூ "டி:\ஓல்டு\*.*"

இரட்டை மேற்கோள் குறியை விட்டுவிடாதீர்கள். நாம் 'ஒன்பதாம் வகுப்பு' என்று இடைவெளி விட்டுப் பெயர் வைக்கும் வழக்கம் உள்ளவர்கள். குறி இல்லாவிட்டால் டெல் அதை இரண்டு பெயர்களாக எடுத்துக்கொள்ளும்.

பென் டிரைவில் எடுத்துச் செல்லும் பேட்ச் கோப்புக்கு முழுப் பாதை உதவாது. ஒரு கணினியில் ஈ, இன்னொன்றில் எஃப் என்று டிரைவ் எழுத்து மாறும். அங்கே %~டிபி0 என்று எழுதினால், பேட்ச் கோப்பு இருக்கும் டிரைவும் பாதையும் அந்த இடத்தில் தாமாக வந்து அமரும். அதன் முடிவில் ஒரு பின்சாய்கோடு ஏற்கெனவே இருக்கும், இன்னொன்று போட வேண்டாம். நிர்வாகி உரிமையுடன் ஓட்டும்போதும் இதுவே கைகொடுக்கும். அப்போது நடப்புக் கோப்புறை விண்டோஸின் சிஸ்டம்32 ஆகிவிடும். அங்கே நின்று *.* என்று அழித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது எந்த பேட்ச் கோப்பிலும் முதலில் டெல் இருக்கும் இடத்தில் டிர் என்று எழுதி, கடைசி வரியில் பாஸ் சேர்த்து ஓட்டுகிறேன். எந்தக் கோப்புகள் அழியப்போகின்றனவோ அவற்றின் பட்டியல் திரையில் நிற்கும். பார்த்துவிட்டுத்தான் டெல் என்று மாற்றுகிறேன்.

ஊர்ப்பெயர்க் கட்டுரைக்கான குறிப்புகள் பிள்ளைகளின் நோட்டில் இருந்தன. இரண்டு மாலைகள் அவர்களோடு உட்கார்ந்து மீண்டும் தட்டச்சு செய்தோம். இடையில், "நாம எங்க நிக்கிறோம்னு கம்ப்யூட்டர்கிட்டயே கேட்க முடியாதா சார்?" என்றாள் அதே மாணவி. கட்டளைத் திரையைத் திறந்து சிடி என்று மட்டும் அடித்து என்டரைத் தட்டச் சொன்னேன். நிற்கும் இடம் முழுப் பாதையாகத் திரையில் வந்தது.