பின்னூலின் ஈர்ப்பு: ஒரு சீனத் தொடரும் பழையனூர் நீலியும்

சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் இரட்டைக் காப்பியம் என்று வழங்குவதன் காரணத்தை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்த ஒரு நாள், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த சிற்றூரிலிருந்து வரும் முதுகலை மாணவர் ஒருவர் எழுந்து வினா ஒன்றை எழுப்பினார். அவருடைய தமையனார் அங்குள்ள இரும்பாலை ஒன்றில் பணிபுரிபவர். இரவு ஷிஃப்டு முடிந்து வந்து, உறக்கம் வரும் வரையில், சீன நாட்டு வரலாற்றுத் தொடர் ஒன்றைக் கைப்பேசியில் ஆங்கில எழுத்து வரிகளின் துணையோடு பார்த்து வந்தாராம். இறுதியில் தலைவன் மாண்டான். அதன் பின்தொடரைப் பார்க்க மாட்டேன் என்று தமையனார் மறுத்தார். ‘தலைவனே போனபின் கதை எங்கே இருக்கிறது?’ என்றார். ஆயினும் ஒரு திங்களுக்குள் அப்பின்தொடரையும் ஓர் ஒளிபரப்பு விடாமல் பார்த்து முடித்தார். “கோவலனும் இல்லை, கண்ணகியும் இல்லை, அவ்வாறிருக்க மணிமேகலையை அக்காலத்தார் எதற்காகக் கேட்டனர், ஐயா?” என்பது மாணவரின் வினா.

வகுப்பில் நாம் அளித்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. சமயம் பரப்பும் நோக்கம் என்றும், கதைத் தொடர்பு என்றும் வழக்கமான காரணங்களைக் கூறி முடித்தோம். பின்னர் அத்தொடர்கள் இரண்டையும் நாமே பார்த்தோம். பார்த்தபின் தோன்றியவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். தொல்காப்பியர் மரபியலில் கூறும் வழிநூல் இதுவன்று. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்னும் நால்வகையாலும் முதல்நூலின் பொருளையே மீண்டும் ஆக்குவது வழிநூல். நாம் கருதுவதோ, முன்னைக் கதை முடிந்த இடத்திற்கு அப்பால் நடப்பதைக் கூறும் நூல். இதற்கு இலக்கணத்தில் தனிப்பெயர் இல்லாமையால், ‘முன்னூல்’, ‘பின்னூல்’ என்றே இக்கட்டுரையில் வழங்குவோம்.

அச்சீனத் தொடரின் பெயர் ‘லாங்யா பாங்’. ஆங்கிலத்தில் ‘நிர்வாணா இன் ஃபயர்’ என்று வழங்குகின்றனர். ஹாய் யான் என்னும் பெண் எழுத்தாளரின் நாவலைத் தழுவி, அவரே திரைக்கதை எழுத, 2015-ஆம் ஆண்டில் 54 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. லியாங் என்னும் நாட்டில் கதை நிகழ்கிறது. சீனத்தின் தென் அரசுகள், வட அரசுகள் எனப் பிரிந்திருந்த காலத்தின் சாயல் அதற்கு உண்டெனினும், அரசரும் நிகழ்ச்சிகளும் கற்பனையே. பொய்க் குற்றச்சாட்டினால் அரச ஆணைப்படி 70,000 வீரர் கொண்ட ஒரு படை முழுதும் அழிக்கப்படுகிறது. தப்பிய இளந்தலைவன் லின் ஷு, முகமும் பெயரும் மாறி, மெய் சாங்சு என்னும் நோயாளி அறிஞனாகத் தலைநகருக்குத் திரும்புகின்றான். வாளேந்த இயலாத உடல்; அறிவு ஒன்றே கருவி. ஜிங்யான் என்னும் இளவரசனை அரியணைக்கு உரியவனாக்கி, இறந்தோர்மீது படிந்த பழியை அரசவையிலேயே துடைக்கின்றான். பின்பு எல்லைப் போருக்குச் சென்று உயிர் துறக்கின்றான். நீதி கிடைத்தது, கதை முடிந்தது. இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்றே எவரும் எண்ணுவர்.

பின்தொடர் 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கி 50 பகுதிகளாக வந்தது. எழுதியவர் அதே ஹாய் யான். முன்தொடரில் மெய் சாங்சுவாக நடித்துப் பெரும்புகழ் பெற்ற ஹு கே இதில் இல்லை. தலைமுறையே மாறிவிட்டது. ஜிங்யானும் இறந்துவிட்டான். அவன் மகன் அரசாள்கின்றான். இங்கே நடுவில் நிற்கும் முதியவர் யார் என்பதில்தான் ஆசிரியரின் திறம் விளங்குகிறது. முன்தொடரில் அரண்மனை அடிமைக் குடியிருப்பில் அடியுதை பட்டுக்கொண்டிருந்த டிங்ஷெங் என்னும் சிறுவன் நினைவிருக்கும். பழி சுமத்தப்பட்டு இறந்த மூத்த இளவரசனின் மகன் அவன். மெய் சாங்சுவால் மீட்கப்பட்டவன். அச்சிறுவனே இப்போது நரைத்த தாடியுடன், வட எல்லையைக் காக்கும் சாங்லின் படையின் தலைவனாக நிற்கின்றான். சாங்லின் என்பதற்கு ‘நெடுங்காடு’ என்பது பொருள். காட்டைக் குறிக்கும் ‘லின்’ என்னும் அவ்வெழுத்தே லின் ஷுவின் குடிப்பெயருமாகும். இறந்த தலைவன் படையின் பெயருக்குள் வாழ்கின்றான்.

நிகழ்ச்சிகளை முழுதும் விரிக்க வேண்டுவதில்லை. டிங்ஷெங்கையும் அவனுடைய மக்களான பிங்ஜாங், பிங்ஜிங் இருவரையும் அரசன் முழுதும் நம்புகின்றான். ஆயின் அரசியும் அவள் குடியைச் சேர்ந்த தலைமை அமைச்சரும் நம்பவில்லை. இளவரசன் சிறுவன், எல்லையிலுள்ள படையோ பெரிது, நாளை என்ன ஆகும் என்னும் அச்சம் அவர்களுடையது. அமைச்சர் தீயவரும் அல்லர். அவர் அச்சத்திற்கு அவர்வரையில் நியாயம் உண்டு. மூத்தவன் பிங்ஜாங் இறக்கின்றான். அரசனும் இறக்கின்றான். முதியவரும் மறைந்தபின் சாங்லின் படை கலைக்கப்படுகிறது. எந்த ஐயத்தினால் முன்பு ஒரு படை வாளுக்கு இரையாயிற்றோ, அதே ஐயம் இப்போது வாளில்லாமல், ஓர் ஆணையோலையினால் மற்றொரு படையைக் கலைத்துவிடுகிறது.

பின்தொடரின் ஈர்ப்பு இங்கேதான் உள்ளதென்பது நம் கருத்து. முன்கதை பெற்றுத் தந்த நீதி நிலைத்ததா என்று அது கேட்கிறது. 54 பகுதிகளும் பார்த்துக் கண்ணீர் விட்டவனை, ‘நீ மகிழ்ந்தாயே, அது எத்தனை நாளைக்கு?’ என்று நிறுத்தி வினவுகிறது. பழைய முகங்களை மீண்டும் காணும் இன்பம் சிறிது உண்டுதான். அவ்வின்பம் 50 பகுதிகளுக்குத் தாங்காது.

சீனர்க்குப் பின்னூல் புதிதன்று. பழைய சீன நாவல்களில் ஒவ்வோர் இயலும், மேலே நடந்ததை அறிய அடுத்த இயலைக் கேட்க என்னும் வாய்பாட்டோடு முடியும். ‘செம்மாடக் கனவு’ என்னும் பெருநாவலில் சாவ் ஷுவேசின் எழுதியனவாக நிற்பவை முதல் 80 இயல்கள். 1791-இல் அச்சான 120 இயல் பதிப்பின் இறுதி 40 இயல்களின் தகுதி பற்றிய வழக்கு இன்றும் ஓயவில்லை. தகுதியற்ற தொடர்ச்சியை, ‘விலையுயர்ந்த விலங்குத்தோலுக்குப் பதில் நாய்வால் ஒட்டியது’ என்னும் பொருள்பட எள்ளும் மரபுத்தொடர் ஒன்றும் அவர்களிடம் உண்டு. நம்மவர் இவ்வளவு கடுமையாகக் கூறியதில்லை. கூறியிருக்க வேண்டிய இடங்கள் உண்டு.

இனி மாணவரின் வினாவிற்கு வருவோம். மணிமேகலை சிலப்பதிகாரத்தில் எங்கே வருகின்றாள்? அடைக்கலக் காதையில், மாடலன் பழைய நிகழ்ச்சிகளை நினைவூட்டுமிடத்தில், பெயரிடப்படும் குழந்தையாக வருகின்றாள். இறுதியில் அவள் துறவு கூறப்படுகிறது. முன்னூலின் ஓரத்தில் நின்ற குழந்தை பின்னூலின் தலைவியாவது, டிங்ஷெங் சிறுவன் முதியவனானதை ஒத்ததே. ஆசிரியர் இருவர் என்பது வேறுபாடு. இரு நூல்களுள் எது முற்பட்டது என்பதில் அறிஞரிடைக் கருத்து வேற்றுமை உண்டெனினும், கதைப்போக்கில் மணிமேகலை பின்னது என்பதில் ஐயமில்லை.

ஆயின் நாம் வற்புறுத்த விரும்புவது 26-ஆவதாகிய வஞ்சிமாநகர் புக்க காதையை. வஞ்சிக்கு வந்த மணிமேகலை கண்ணகி கோட்டத்தில் வணங்கி நிற்கின்றாள். முன்னூலில் சேர மன்னன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்து கடவுளாக்கிய அதே பத்தினி, இங்கு வாய்திறந்து பேசுகின்றாள். மதுரைமா தெய்வம் பழவினையை எடுத்துரைத்தும் தன் சினம் அடங்காது நகரை எரித்ததையும், அவ்வினையின் பயனைப் பின்னர்த் தான் நுகர வேண்டியிருப்பதையும் தானே கூறுகின்றாள். சிலப்பதிகாரத்தைக் கேட்ட அவை எந்தத் தீயைக் கண்டு, நீதி நிலைபெற்றது என்று நெஞ்சம் நிறைந்ததோ, அத்தீயையே சாத்தனார் வினையாக்கிக் கணக்கில் எழுதுகின்றார். அதுவும் கண்ணகியின் வாயாலேயே. முன்னூலைக் கல்லாதவன் இக்காதையைப் படித்தால் ஒரு சமயப் போதனையாகவே கொள்வான். கற்றவனுக்கு நெஞ்சு அதிரும். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892-இலும் மணிமேகலையை 1898-இலும் பதிப்பித்தார். இரண்டிற்கும் இடைப்பட்ட ஆறாண்டுகளில் முன்னூலை மட்டுமே படித்திருந்தோர், பின்பு இக்காதையை எவ்வுணர்வோடு படித்திருப்பரோ என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

மாணவரின் மாவட்டத்திலேயே இதனினும் நல்ல சான்று இருப்பதை அவருக்குக் காட்ட விரும்பி, வகுப்பினர் சிலரோடு திருவள்ளூர் வழியாகத் திருவாலங்காட்டிற்கும் அதனை அடுத்த பழையனூருக்கும் சென்றுவந்தோம். பழையனூர் நீலியின் கதை இவ்வூருக்குரியது. வழக்குகள் பலவாயினும் சாரம் ஒன்றே. முற்பிறப்பில் கணவனால் கொலையுண்ட பெண், மறுபிறப்பில் பேயுருக் கொண்டு, வணிகனாய்ப் பிறந்த அவனைத் தொடர்கின்றாள். கையில் ஒரு கட்டையைக் குழந்தையாக்கி ஏந்தி, ‘இவன் என் கணவன்’ என்று ஊர் அவையில் வழக்கிடுகின்றாள். வணிகன் அஞ்சுகின்றான். அவையிலிருந்த வேளாளர் எழுபதின்மர், அவன் உயிருக்குத் தம் உயிரையே பிணையாக்கி, அவளோடு அனுப்புகின்றனர். இரவில் அவன் கொல்லப்படுகின்றான். சொன்ன சொல் தவறாது எழுபதின்மரும் தீப்புகுகின்றனர். சம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தின் முதற்பாடலிலேயே இதற்குக் குறிப்பிருத்தலின், ஏழாம் நூற்றாண்டிலேயே இக்கதை ஊரறிந்ததாயிருந்தமை பெறப்படும். (சிலப்பதிகாரக் கட்டுரைக் காதையிலும், கொலையுண்ட சங்கமனின் மனைவியாக ஒரு நீலி வருகின்றாள். பெயரொற்றுமை தற்செயல் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. ஆயினும் அது தனி ஆராய்ச்சி.)

இக்கதையே தன்னுள் ஒரு முன்னூலும் பின்னூலும் கொண்டது. முற்பிறப்புக் கொலை முன்கதை. பழி வாங்கல் பின்கதை. பழி தீர்ந்ததென்றாலும் எழுபது உயிர்கள் வீணே மாய்ந்தன. எனவே கதை முடியவில்லை. அதனை மேற்கொண்டு நடத்தியது நீலகேசி என்னும் சமண நூல். உயிர்ப்பலி தடுக்கப்பட்ட தெய்வத்தின் பொருட்டு, முனிச்சந்திரர் என்னும் முனிவரை அச்சுறுத்த வருபவள் பழையனூர் நீலியே. அச்சமும் பயன்படவில்லை, அழகும் பயன்படவில்லை. தோற்றவள் அறம் கேட்டுக் கொல்லாமையை ஏற்கின்றாள். பின்பு குண்டலகேசி முதலான பிறசமயத்தாரோடு சொற்போர் புரிந்து வெல்கின்றாள். ஊரே அஞ்சிய பேயைத் தருக்க நூல் வல்லவளாக்கிய துணிவு வேறெந்தத் தமிழ்ப் புலவரிடமும் நாம் கண்டதில்லை. பழிவாங்குதல் முடிவாகுமா என்னும் வினாவை, பழி வாங்கியவளைக் கொண்டே அந்நூல் தீர்க்கிறது. கண்ணகியைக் கொண்டு சாத்தனார் செய்ததும் இதுவே.

நீலகேசி மற்றொரு வகையிலும் பின்னூலாகும்: பௌத்த நூலாகிய குண்டலகேசிக்கு அது மறுப்பு. இன்று குண்டலகேசி ஒருசில பாடல்களன்றி முழுதும் மறைந்தது. மறுத்த நூல் நிற்கிறது. 1936-இல் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்த சமயதிவாகர வாமன முனிவர் உரையின் வழியேதான் குண்டலகேசியின் கதையைப் பெரிதும் அறிகின்றோம். பகைநூலை அழியாமற் காத்தது பகைநூலே.

கம்பர் ஆறு காண்டங்களோடு நிறுத்தினார். ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்கும் உத்தர காண்டம் முடிசூட்டு மங்கலத்திற்குப்பின் சீதையைக் காட்டிற்கு அனுப்புகிறது. அதனைத் தமிழர் கம்பராமாயணத்தோடு ஒன்றாக்கி ஓத விரும்பவில்லை. வினா கேட்கும் பின்னூலை எல்லாரும் வரவேற்பதில்லை என்பதற்கு இது சான்று.

வினா எழுப்பாது தொடரும் பின்னூல்களும் உண்டு. பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு இறையிலியாக அளித்த முதலாம் இராசேந்திரனின் செப்பேடு 31 ஏடுகள் கொண்டது. ஆட்சியின் ஆறாம் ஆண்டில் பிறந்த ஆணையாயினும், அதன் வடமொழிப் பகுதி பின்னர் நிகழ்ந்த கங்கை, கடாரப் படையெடுப்புகளையும் பாடுகிறது. ஆதலின் அப்பகுதி பிற்காலத்தில் சேர்க்கப்பட்டதென்பர். செப்பேடுக்கே ஒரு தொடர்ச்சி! ஆதித்தன் மறைந்தபின் அருண்மொழி தன் சிற்றப்பனுக்காக அரியணையை விரும்பாதிருந்தமையைக் கூறுவதும் இதுவே. 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னை எழுதிய கல்கி அங்கேயே கதையை நிறுத்தினார், மேலே என்ன ஆயிற்று என்று வாசகர் கேட்டமையால் முடிவுரையில் பாத்திரங்களின் பிற்கால நிலையைச் சுருங்க உரைத்தார். அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ (1963-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது) இராசேந்திரன் காலத்தைப் பாடுகிறது. வந்தியத்தேவரை அதில் முதியவராகக் காணும்போது உண்டாகும் மகிழ்ச்சி பெரிதே. எனினும் கல்கி முடித்த தியாகம் நிலைத்ததா, அதற்கு யார் விலை கொடுத்தார் என்று அந்நூல் கேட்கவில்லை. வெற்றியிலிருந்து வெற்றிக்குச் செல்கிறது. படிக்க இனிது. முன்னூலை மீண்டும் எடுத்துப் படிக்கத் தூண்டும் வன்மை அதற்குக் குறைவென்றே நமக்குத் தோன்றுகிறது.

இவ்வளவும் கேட்ட மாணவர், திருவாலங்காட்டு நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோது, தம் தமையனாரைப் பற்றி மேலும் ஒன்று கூறினார். பின்தொடர் முடிந்த மறுநாளே அவர் முன்தொடரை முதலிலிருந்து மீண்டும் பார்க்கத் தொடங்கினாராம். அடிமைக் குடியிருப்பில் அச்சிறுவன் அடிபடும் காட்சி சிறிது நேரமே வருவது. முதல்முறை அக்காட்சி வந்தபோது அவர் உணவெடுக்க எழுந்து சென்றுவிட்டாராம். இம்முறை அங்கே நிறுத்தி, பின்னோக்கித் தள்ளி, இருமுறை பார்த்தார் என்றார்.