பேரீச்சம்பழத்துக்குப் போடும் முன்: பழைய வேக்குவம் க்ளீனரை மீட்பது எப்படி?

பழைய கார், பழைய கேமரா சேர்க்கிறவங்களைக் கேள்விப்பட்டிருப்பீங்க. பழைய வேக்குவம் க்ளீனரைத் தேடி வாங்கி, ரிப்பேர் பண்ணி ஓட வைக்கிறவங்களும் இருக்காங்க. அமெரிக்காவில் மிசூரி மாகாணத்து செயின்ட் ஜேம்ஸ் ஊரில் இதுக்குன்னே ஒரு மியூசியம் இருக்கு. "அது கார்ப்பெட் போட்ட ஊரு. வ. புதுப்பட்டியில் இதுக்கு என்ன வேலை?"ன்னு கேக்கறீங்களா? இருக்கு.

முதல்ல கொஞ்சம் வரலாறு. 1901இல் இங்கிலாந்தின் ஹூபர்ட் செசில் பூத் செய்த மெஷின் குதிரை வண்டியில் வரும். வண்டி தெருவில் நிற்க, நீளமான குழாய் மட்டும் வீட்டுக்குள்ள போகும். கையில் தள்ளுற மெஷினுக்கு 1908இல் பேட்டன்ட் வாங்கியவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஸ்பேங்ளர். அதைத்தான் ஹூவர் குடும்பம் வாங்கிப் பெரிய பிசினஸ் ஆக்குச்சு. நம்ம நாட்டில் 1982இல் எலக்ட்ரோலக்ஸோட கூட்டு சேர்ந்து வந்த யுரேகா ஃபோர்ப்ஸ், யூரோகிளீனை வீடு வீடா வித்தது.

மொசைக் தரைக்கும் சிமென்ட் தரைக்கும் விளக்குமாறே போதும். அதனால வாங்கின மெஷின் பரணுக்குப் போயிடும். இப்படி ஓடித் தேயாம, சும்மா கிடந்தே கெட்டுப்போன மெஷினை மீட்பது சுலபம். உள்ள இருக்கிறது யுனிவர்சல் மோட்டார், அதாவது மிக்ஸியில் இருக்கிற அதே வகை. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ மிக்ஸிக்கு காயில் கட்டுறவருக்கு இது புது விஷயமே இல்ல.

கிடைச்சதும் பிளக்கில் சொருகிடாதீங்க. இந்த வரிசையில் போங்க:

1. ஒயர்: ரப்பர் வெடிச்சிருந்தா மொத்தமா மாத்துங்க. டேப் சுத்துற வேலை வேண்டாம்.

2. மெக்கர்: 500 வோல்ட்டில் காயிலுக்கும் பாடிக்கும் நடுவில் பாருங்க. 1 மெகா ஓமுக்குக் கீழ இருந்தா கரண்ட் கொடுக்கவே கூடாது. ஈரம்தான் காரணம்னா, காய வெச்சதும் ரீடிங் ஏறும்.

3. சீரிஸ் பல்பு: 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்க. எரியலைன்னா சர்க்யூட் எங்கேயோ அறுந்திருக்கு. எரிஞ்சா உடனே மோட்டார் ஓகேன்னு முடிவு பண்ணாதீங்க. மோட்டாரோட ரெசிஸ்டன்ஸ் பல்பை விட ரொம்பக் கம்மி, அதனால உள்ள ஷார்ட் இருந்தாலும் பல்பு கிட்டத்தட்ட அதே மாதிரிதான் எரியும்.

4. கார்பன் பிரஷ்: தேஞ்சிருந்தா ஜோடியா மாத்துங்க. கம்யூடேட்டர் கறுத்திருந்தா நைசான உப்புத்தாள் போதும், எமரி வேண்டாம்.

5. பேரிங்: கிரீஸ் இறுகியிருக்கும். மேல நம்பர் இருக்கும். 608ன்னா உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். நம்பர் சொன்னா கடையில் கிடைக்கும்.

ஓட ஆரம்பிச்சதும் குழாய் வாயைக் கையால மூடிப் பாருங்க. சத்தம் கூடும். மோட்டார் திணறுதுன்னு நினைப்போம், உண்மை நேர் எதிர். காத்து உள்ள வரலைன்னா ஃபேனுக்கு வேலை கம்மி, அதனால வேகம் ஏறுது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் புரியாதது இங்க புரியும்.

பழைய இரும்புக் கடையில் இதுக்கு எடை விலைதான். செம்பை உருவிட்டு மிச்சத்தை நொறுக்கிடுவாங்க. பேரிங், பிரஷ் எல்லாம் புதுசா வாங்கிடலாம். ஆனா அந்த மாடலோட குழாய் முனை, மூடி, ஃபேன் கூடு போனா போனதுதான். அதனால மோட்டார் கருகிப்போன மெஷினைக்கூட முழுசா எடுத்து வைங்க. இன்னொண்ணு உயிரோட இருக்க அதோட பாகம் தேவைப்படும். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனா, பரணை ஒரு தடவை எட்டிப் பாருங்க.