மேல்மாடிச் சத்தம்: பாட்டிக்கு ஒன்று, பேரனுக்கு வேறு

இரவு பதினொரு மணி. மேல்வீட்டில் நாற்காலியை இழுக்கிறார்கள். உரலில் சம்பல் இடிக்கிறார்கள். கீழ்வீட்டுப் பாட்டி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். பேரன் அசையாமல் தூங்குகிறான். மலேசியாவின் ஈப்போ நகரில், குறைந்த விலை அடுக்குமாடிகளில் இது தெரிந்த கதைதான்.

ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தின் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, லயங்களை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டு வந்த குடும்பங்கள் பல அடுக்குமாடிகளில் குடியேறின. லயத்திலும் பக்கத்து வீட்டுப் பேச்சு கேட்கும். ஆனால் தலைக்கு மேல் யாரும் நடந்ததில்லை. விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு) எழ வேண்டியிருந்ததால் லயமே சேர்ந்து அடங்கும். அடுக்குமாடியில் வீட்டுக்கு வீடு வேலை நேரம் வேறு.

ஏன் இவ்வளவு கேட்கிறது?

பேச்சொலியைச் சுவரும் கதவும் ஓரளவு தடுக்கும். காலடியும் உரலும் எழுப்பும் அதிர்வு நேரே கான்கிரீட் தளத்தில் இறங்கிக் கீழ்வீட்டுக்குப் பரவுகிறது. சாதாரணமாக நடந்தாலே கீழே ‘தம்’மென்று கேட்கலாம். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

யாருக்கு என்ன பாதிப்பு?

முதியோர்: வயது ஏற ஏற ஆழ்ந்த உறக்கம் குறைகிறது. காது மந்தமாகும்போதும் பெரும்பாலும் கீச்சொலிதான் முதலில் மறைகிறது. தாழ்ந்த ‘தம்’ ஒலி கேட்கும்.

உழைப்போர்: இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் படுப்பவருக்கு, பிள்ளைகள் ஓடி விளையாடும் நேரம்தான் நடுராத்திரி.

பிள்ளைகள்: எளிதில் விழிக்கமாட்டார்கள், ஆனாலும் உறக்கத்திலேயே இதயத் துடிப்பு கூடலாம். சத்தம் உறக்கத்தை மட்டுமல்ல, படிப்பையும் பாதிக்கலாம்: நெதர்லாந்து, ஸ்பெயின், பிரிட்டன் பள்ளிகளில் நடத்தி 2005இல் வெளியான ஆய்வு, விமானச் சத்தம் கூடக்கூட மாணவரின் வாசிப்புத் திறன் குறைவதைக் காட்டியது.

படுக்கையறையில் தொடர் ஒலி 30 டெசிபலையும் திடீர் ஒலி 45 டெசிபலையும் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டி.

என்ன செய்யலாம்?

கோபம் தணிந்தபின், பகலில் போய்ப் பேசுங்கள். எந்த நேரத்தில் என்ன சத்தம் என்று குறித்துக்கொண்டு போங்கள். நாற்காலிக் காலுக்கு ரப்பர் உறையும் உரலுக்கு அடியில் தடித்த ரப்பர் பாயும் போட்டாலே தொல்லை ஓரளவு தணியும்.

தீராவிட்டால் கட்டட நிர்வாகக் குழுவிடமும், அடுத்து மாநகர் மன்றத்தின் கட்டட ஆணையரிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். வீட்டுக்கு வீடு தனிப் பட்டா (ஸ்ட்ராட்டா) உள்ள அடுக்குமாடிகளுக்கு 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி நடுவர் மன்றமும் உண்டு. அரசு வாடகை வீடென்றால், வீட்டை நிர்வகிக்கும் அமைப்பை அணுகுங்கள்.

விலை குறைந்த வீடு என்பதற்காக அங்கே வாழ்பவரின் உறக்கம் குறையலாகாது. புதிய அடுக்குமாடிகளின் தளத்தில் ஒலித்தடுப்பு அடுக்கு போட வேண்டும் என்று கட்டும்போதே கேட்போம்.