மலைக்கு அளவுகோல் ஓர் ஆள்

வானை முட்டும் மலை. அடிவாரத்தில் இருக்கிறார்களா இல்லையா என்று தேடவைக்கும் இரண்டு மூன்று வழிப்போக்கர்கள். மாயாஜாலக் கதைகளின் ஓவியங்களில் இது அடிக்கடி வரும் காட்சி. டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலின் 1991 பதிப்புக்கு ஆலன் லீ தீட்டிய நீர்வண்ணப் படங்களிலும் இதைப் பார்க்கலாம். உத்தி என்னவோ பழையது. சேலம் சீமைக்கே அது இருநூறு ஆண்டுகளுக்கு முன் வந்துவிட்டது.

1792-இல் மூன்றாம் மைசூர்ப் போர் ஓய்ந்து, சேலமும் பாராமகால் பகுதியும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு மாறின. அதே ஆண்டில் ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியல், தம் சகோதரர் மகன் வில்லியமுடன் தெற்கே பயணம் வந்தார். சேலம் சீமையிலுள்ள மேச்சேரிக்கு வடக்கேயுள்ள ராயக்கோட்டை, வீரபத்ரதுர்க்கம் போன்ற மலைக்கோட்டைகளை இருவரும் வரைந்தார்கள். அவை 144 படங்கள் கொண்ட 'ஓரியண்டல் சீனரி' தொகுப்பில் இடம்பெற்றன. செப்புத் தகட்டில் பிசின் தூளைப் படியவைத்து, அமிலத்தால் அரித்து அச்செடுத்தபின் கையால் வண்ணம் பூசினார்கள். தூரத்து மலைகளின் மங்கலான சாயல் அந்தப் பிசின் தூளின் உபயம். அதே தொகுப்பின் பாபநாசம் அருவிப் படத்தில், கொட்டும் தண்ணீரின் பிரம்மாண்டத்தைச் சொல்வது பாறையில் நிற்கும் சிறு உருவங்களே.

வெறும் பாறையை வரைந்தால் அது பத்தடியா ஆயிரம் அடியா என்று தெரியாது. ஆளின் உயரம் எல்லோருக்கும் தெரியும். மேச்சேரியிலிருந்து மேற்கே தெரியும் பாலமலையை வரைபவர், முன்னால் ஒரு செம்மறி மந்தையை ஓட்டிவிடலாம். ஊரின் பெயரையே தாங்கிய அந்த வெளிர்பழுப்பு ஆடுகள் காய்ந்த மண்ணோடு மண்ணாகக் கலந்துவிடும். மேய்ப்பவரின் வெள்ளைத் துண்டு ஒன்றே கண்ணில் படும். ஓவியர்களுக்கு அந்த ஒரு பொட்டு வெள்ளை போதும்.

இதில் முன்னோடிகள் சீனர்கள். கி.பி. 1000 வாக்கில் ஃபான் குவான் தீட்டிய பட்டு ஓவியம் ஆறடிக்கும் மேல் உயரம். பெரும்பகுதியை மலையே அடைத்துக்கொள்ள, கீழே வலப்புறம் பொதிசுமக்கும் கோவேறு கழுதைகளை ஓட்டி வருகிறார்கள் சிலர். அவர்களுக்குப் பின்னாலுள்ள இலைகளுக்குள் ஓவியர் தம் பெயரையும் ஒளித்திருந்தார். அது கண்டுபிடிக்கப்பட்டது 1958-இல்தான்.

மாயாஜால ஓவியர்கள் வழிப்போக்கருக்குப் பெரும்பாலும் முகம் வரைவதில்லை. பார்ப்பவர் அந்த இடத்தில் தம்மை நிறுத்திக்கொள்ள இது வசதி. செங்குத்துப் பாறையின் விளிம்பில் தனியாளை நிறுத்துவது மட்டும் இப்போது சலித்துப்போன வழக்கம். கணினியில் வரைபவர்கள் ஆளைத் தனி அடுக்கில் வைத்துக்கொள்கிறார்கள். அவரைப் பாதியாகச் சுருக்கினால், தொடாமலேயே மலை இரு மடங்காகத் தெரியும். அளவுக்கு மீறிச் சுருக்கினால் ஆளே கண்ணில் படமாட்டார். மலையும் பழையபடி உயரம் தெரியாத பாறையாகிவிடும்.